இரண்டு தட்டு

ஒரு தட்டு என்றால், இன்னும் கொஞ்சம் அடி.
இரண்டு தட்டு, போதும், அடுத்த ஆணி.
மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, துளைத்து எடு.
நான்கு வருஷம் எங்கள் வீட்டில்
இதுதான் பேச்சு.

பாஹாவில், லிம் தவ்கேயின் டயர் கடைக்குப் பின்னால்,
சுவரில் ஓட்டை போட்டு
அவர் கம்ப்ரெசரிலிருந்து குழாய் இழுத்து,
வெளியே ரிவெட் துப்பாக்கியோடு புஷ்பலீலா.
விமானத்தின் வாலுக்குள் நான்,
இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் முட்டுக்கொடுத்தபடி.
ஐந்தடி ஓரங்குலம்.
பெண் பார்க்கப் போன அன்று அவள் சித்தப்பா
உதட்டைப் பிதுக்கினார்.
அந்தக் குட்டைக்கு இங்கே வேலை இருந்தது.

செம்பனை ஆலையில் அவள் சார்ஜ்மேன்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து, ஆவியும் எண்ணெயும் மணக்க
வந்து நின்று துளைகளின் பிசிர் சுரண்டுவாள்.
குலை லோரியை நிறுத்திவிட்டு நான் போய்ப் படுப்பேன்,
கட்டிலில் இல்லை, தகட்டுக்குள்.
டட்டட்டட்.
உள்ளே ஒரு வெளிச்சமும் கிடையாது,
இன்னும் ஆணி ஏறாத துளைகளைத் தவிர.

அக்கா மகள் கல்யாணத்தன்று
பெட்ரோல் தொட்டிக்குப் பசை தடவினோம்.
கலக்கிய பசை இரண்டு மணி நேரம்தான் தாங்கும்,
உறவு தாங்கும் என்றாள்.
தாங்கவில்லை.
அன்று முழுக்க எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.
இருநூற்றுப் பதினாறு ஆணி, ஒன்றும் கோணவில்லை.

உயரமானி புதுசு, ரேடியோ பழசு.
ஒவ்வொரு சுவிட்சின் கீழும் அவள் கையெழுத்தில்
பம்பு, விளக்கு, தொடாதே.
பரிசோதிக்க வந்த அதிகாரி ரோஸ்லி
கடைசி எழுத்துக்கு அர்த்தம் கேட்டார்.
அது என் வீட்டுக்காரருக்கு, என்றாள்.
குலை நிறுக்கும் தராசுகள் மூன்றை
மூன்று சக்கரத்துக்கும் அடியில் வைத்தோம்.
வாலில் எடை கூடுதல்.
பேட்டரியைப் பிடுங்கி முன்னால் பூட்ட
இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

எஸ்டேட்டில் உரம் தூவும் விமானத்துக்கென்று
எப்போதோ போட்ட மண் ஓடுபாதை.
லாலாங் வெட்டி, ஓர் உடும்பை விரட்டி,
காலை ஏழேகாலுக்கு எஞ்சினைக் கிளப்பினாள்.
முதல் பறப்பில் ஓட்டுபவர் மட்டும்தான், அது விதி.
என் இருக்கையில்
இருபது கிலோ மணல் மூட்டை, பெல்ட் போட்டு.
அந்த மூட்டையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பனை மட்டைகளுக்கு மேலே அது ஏறியபோதுதான்
முழு உருவத்தையும் பார்க்கிறேன்.
இத்தனை நாள் எனக்குத் தெரிந்தது அதன் வயிறு,
அதன் இருட்டு,
முழங்கையை அறுக்கும் அதன் மூன்றாவது வளையம்.
வெயிலில் அது வேறு யாரோ மாதிரி இருந்தது.

கையில் பிடித்த ரேடியோவில் கேட்டேன்,
லீலா, எப்படி இருக்கு?
இரைச்சல்.
கொக்குகள் குட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தன.
மறுபடி கேட்கவா வேண்டாமா என்று விரல் தயங்க,
அவள் பேச்சுப் பொத்தானை மட்டும் அமுக்கினாள்.
டக். டக்.

பதினெட்டு நிமிஷம்.
ஒருமுறை துள்ளி, பிறகு உட்கார்ந்தது.
லிம் தவ்கே பட்டாசு கொண்டு வந்திருந்தார்,
தீப்பெட்டி கொண்டு வரவில்லை.

சிரித்து ஓய்ந்து அவள் ஒரு சுற்று வந்தாள்,
தகட்டில் உள்ளங்கையை ஓட்டியபடி.
வாலருகே நின்றாள்.
ஓர் ஆணியைச் சுற்றி
மை தீற்றியது போல மெல்லிய கறுப்புக் கோடு.
ஆடுகிற ஆணி இப்படித்தான் அழும்.

எனக்கு அதைத் தெரியும்.
போன வருஷம், மழைக்காலம், ராத்திரி பதினொன்று.
தொடையில் நரம்பு இழுத்துக்கொள்ள
எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று
பாதி நசுங்கிய ஆணிக்கு
இரண்டு தட்டினேன்.

கறுப்பைக் கட்டை விரலால் துடைத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
விரல் முட்டியால், நிதானமாக,
மூன்று முறை தட்டினாள்.

டிரில்லை எங்கே வைத்தேன் என்று
லோரிப் பக்கம் நடந்தேன்.